அந்துப்பூச்சிக்கு எலி மூக்கு

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கிடைத்த வேலை, செத்துப்போன செல்களைக் கொட்டிவிட்டுக் குப்பிகளைக் கழுவுவது. கழுவிய குப்பியில் புதிதாக வளர்ப்பாள். அவையும் செத்துப்போகும். மறுபடி கழுவுவாள். "வளர்க்கிறதுக்குப் படிக்கிறியா, சாகடிக்கிறதுக்குப் படிக்கிறியா?" என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள். தங்கை சின்னவள். சொந்தப் பெயரைப் பள்ளிக்கூடப் பதிவேட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் போல இரண்டு பேரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறவர். கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பெரியவள்தான். பட்டம் வாங்கினாள். அதோடு நிறுத்துவாள் என்று எல்லோரும் நினைத்திருக்க, மேலே ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இந்தப் பிடிவாதம் சரிதானா என்று அவளுக்கே சந்தேகம் உண்டு. தன்னோடு படித்தவர்கள் வேலைக்குப் போய் வீட்டுக்குக் குளிர்பெட்டி வாங்கிப் போடும்போது தான் குப்பி கழுவிக்கொண்டிருக்கிறோமே என்று பேருந்தில் போகும்போதெல்லாம் நினைப்பாள். இறங்கியதும் மறந்துவிடுவாள். உள்ளே செல்கள் காத்திருக்கும்.

கடைசியில் செல்கள் பிழைக்கத் தொடங்கின. அன்று அம்மாவை உட்காரவைத்து விளக்கினாள்.

"செல்லுக்கு மேல தோல் மாதிரி ஒரு சவ்வு இருக்கும்மா. அந்தச் சவ்வுல அழைப்பு மணி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். ஏற்பின்னு பேரு. எல்லாரும் அதை அழுத்த முடியாது. அந்தந்த மணிக்கு அந்தந்த ஆள்தான்."

"உன் மணியை யாரு அழுத்துவா?"

"டொலுயீன்னு ஒரு ரசாயனம். நீ கம்பெனியில தடவுற பசையில இருக்கே, அதுதான். அது வந்து அழுத்துச்சுன்னா செல்லு பச்சையா எரியும்."

"எதோட செல்லு?"

"அந்துப்பூச்சியோடது. மணி மட்டும் எலி மூக்குல இருக்கிற மாதிரி."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்துப்பூச்சிக்கு எலி மூக்கா! ஏண்டி, கடவுளே யோசிக்காத வேலையால்ல இருக்கு. எனக்கும் ஒரு நல்ல மூக்காப் பார்த்து வையேன்."

வேடிக்கையாகச் சொன்னாளே தவிர, விஷயம் உண்மைதான். எலியின் மூக்கு அந்த மணியைச் செய்துகொள்ளும் குறிப்பை, அதாவது மரபணுவை, எடுத்துப் பூச்சியின் செல்லுக்குள் வைத்தாயிற்று. செல் அதைப் படித்து, மணியைத் தானே செய்து, தன் சவ்வில் தானே மாட்டிக்கொண்டது. பூச்சியின் செல் அதிகம் வம்பு செய்யாது. அறைச் சூட்டிலேயே உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட செல்களை நகத்தளவு கண்ணாடிச் சில்லில் ஒட்டி, மேலே மெல்லிய நீர்ப்படலம் விட்டு, சாப்பாட்டு டப்பா அளவுள்ள பெட்டியில் பொருத்தினார்கள். பெட்டி காற்றை உறிஞ்சும். காற்றில் டொலுயீன் இருந்தால் மேலே உள்ள சிறு திரையில் பச்சை எழும். அவ்வளவுதான் கருவி. அந்த 'அவ்வளவுதான்' வருவதற்குள் அவளுக்கு முன்நெற்றியில் நரை வந்துவிட்டது.

அம்மாவின் வேலை தெருக்கோடியில் இருந்த ஷூ கம்பெனியில், பசை அறையில். அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் தூரிகையால் பசை தடவி, காயவைத்து, ஒட்டி, அழுத்த வேண்டும். அறையில் பெண்கள் மட்டும். தூசு பட்டால் ஒட்டாது என்று ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார்கள். அம்மா தலைவலியோடு வீட்டுக்கு வருவாள். அது பழகிப்போன விஷயம். பழகாதது வேறொன்று. அண்மைக் காலமாக அம்மா மறக்கத் தொடங்கியிருந்தாள். அடுப்பில் பால் வைத்ததை மறந்தாள். சின்னவளுக்கு இரண்டு முறை சாப்பாடு போட்டுவிட்டு மூன்றாம் முறை தட்டை எடுத்தாள். ஒருநாள் பெரியவளிடம், "நீ இன்னும் காலேஜ்லதானே படிக்கிற?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே திடுக்கிட்டுச் சிரித்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பசை அறைக்குக் காற்றை வெளியேற்றும் மின்விசிறி வேண்டும் என்று பெண்கள் முன்பே கேட்டிருந்தார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர் கடையில் விற்கும் கருவியோடு வந்தார். அது கூவத்தான் செய்தது. ஆனால் அந்த வகைக் கருவி எதற்கும் கூவும். தரை துடைக்கும் மருந்து, வாசனைத் தைலம், கை துடைக்கும் ஸ்பிரிட், எல்லாம் அதற்கு ஒன்றுதான். "காலையில தரை துடைச்சோம் சார், அதான்" என்றார் முதலாளி. கதை முடிந்தது.

ஆகவே பெரியவள் போய் முதலாளியைப் பார்த்தாள். தன் கருவி தரை மருந்துக்கெல்லாம் எரியாது, பசையில் உள்ளதற்குத்தான் எரியும் என்று சொன்னாள். அவர் அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சரி டாக்டரம்மா. உங்க பெட்டி எரிஞ்சா ஃபேன் போடுறேன். எரியலைன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும். உங்கம்மாவும்தான்."

சோதனைக்கு முந்தின மாலை பெரியவள் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கம்பெனி விடியற்காலையில் திறந்துவிடும். ஆய்வுக்கூடத்தைத் திறக்கவே வெயில் ஏறிவிடும். பெட்டியை அலமாரியில் ஏற்றி, சின்னவள் தொடாமல் இருக்கத் துண்டு போட்டு மூடினாள். பக்கத்து ஆணியில் அம்மாவின் வேலைச் சட்டை தொங்கியது. அது எப்போதும் அங்கேதான் தொங்கும்.

காலையில் பசை அறையில் முதலாளி, சூப்பர்வைசர், தூரிகையும் கையுமாக எல்லாப் பெண்களும் சுற்றி நின்றார்கள். பெரியவள் பெட்டியை மேசைமேல் வைத்து விசையைத் தட்டினாள். காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. பசை டப்பாவுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். கறுப்பு. டப்பாவின் வாயிலேயே பிடித்தாள். அப்போதும் கறுப்பு.

"பூச்சிக்கு ஜலதோஷம் போல" என்றார் முதலாளி. சூப்பர்வைசர் தேவைக்கு மேலே சிரித்தார். பெண்களில் ஒருத்தி, "விடுங்க சார், சின்னப் பொண்ணு" என்றாள். அந்த இரக்கம்தான் பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அம்மா தன் மேசைக்குப் போய்த் தூரிகையைப் பசையில் தோய்த்தாள்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் அவள் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாள். நமக்கெல்லாம் எதற்கு இந்த வேலை? இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டால் இன்னும் மனசுக்குள் மொழிபெயர்த்துத்தான் பதில் சொல்கிறோம். வேறு வீட்டில் பிறந்த பெண்ணாக இருந்தால் இந்தப் பெட்டி எரிந்திருக்குமோ? அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை 'ஆமாம்' என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஆய்வுக்கூடத் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் ஆறுதல் சொல்கிறவர் இல்லை. "செல் செத்துப்போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தாள். சாகவில்லை. கொழுகொழுவென்று இருந்தன. அதே நாள் செய்து, ஆய்வுக்கூடத்திலேயே வைத்திருந்த சில்லுகளை எடுத்து டொலுயீன் காட்டினாள். எல்லாம் பச்சைப் பசேலென்று எரிந்தன. ஆக, செய்ததில் கோளாறு இல்லை. வீட்டுக்குப் போய்வந்த சில்லு மட்டும் உயிரோடு இருந்தும் வாய் திறக்கவில்லை.

நுண்ணோக்கியில் வைத்தாள். மணி எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காக ஒவ்வொரு மணியிலும் சிவப்பு நிறம் ஏற்றியிருந்தார்கள். நல்ல செல்லில் ஓரத்தைச் சுற்றி வளையம் போட்டதுபோலச் சிவப்பு தெரியும். வீட்டுக்குப் போய்வந்த செல்லில் ஓரம் வெறுமையாக இருந்தது. சிவப்பெல்லாம் வயிற்றுக்குள், பொட்டுப் பொட்டாக.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒருவன் ஓயாமல் மணியை அழுத்திக்கொண்டே இருந்தால் செல் என்ன செய்யும்? மணியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடும். யாரோ இந்தச் செல்களை நெடுநேரம் அழுத்தியிருக்கிறார்கள், பசை அறைக்குப் போவதற்கு முன்பே. யார், எங்கே?

பக்கத்து மேசைக்காரன், தடித்த கண்ணாடி போட்டதால் சோடாபுட்டி என்று பெயர் வாங்கியவன், பெட்டியைக் கழுவ எடுத்துப்போனான். திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன, பசை கொட்டிட்டியா உள்ள?"

"கொட்டலையே. ஏன்?"

"இந்த நாத்தம் நாறுது!"

பெரியவள் பெட்டியை வாங்கி மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. "எங்க? ஒரு வாசமும் வரலையே" என்றாள்.

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "இல்ல... உன் பையிலகூட எப்பவும் கொஞ்சம் வரும். துணியில. நீ தப்பா எடுத்துப்பியோன்னு யாரும் சொல்லல."

"யாருமா? எல்லாருக்கும் தெரியுமா?"

அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு கழுவப் போனான்.

அவள் முகம் கொதித்தது. இத்தனை காலம் இவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அருகில் வந்து கேள்வி கேட்டிருக்கிறாள். கல்லூரியில் பக்கத்து இருக்கை சில சமயம் காலியாகவே இருந்தது ஏன் என்று இப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து அந்த வாசத்திலேயே வளர்ந்தவளுடைய மூக்கும் தன் மணிகளைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டிருந்தது. வேறு யாராவது அந்தப் பெட்டியை அந்த அலமாரியில் வைக்கப் போயிருந்தால், வாசலிலேயே முகம் சுளித்துத் திரும்பியிருப்பார்கள். அவள் துண்டு போட்டு மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதாள். முகத்தைக் கழுவினாள். வெளியே வந்தபோது கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

புதுச் சில்லுகள் இரண்டைக் காற்றுப் புகாத தனித்தனி டப்பாக்களில், சுற்றிலும் வாசத்தை உறிஞ்சும் கரித்தூள் வைத்து மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நடுவீட்டில் ஒன்றைத் திறந்து பெட்டியில் பொருத்தினாள். ஆணியில் தொங்கிய அம்மாவின் மாற்றுச் சட்டைப் பக்கம் திருப்பியதும் திரையில் பச்சை எழுந்தது. சின்னவள் கைதட்டினாள். "எரியுது, எரியுது!" அவள் படுக்கும் பாய் அந்தச் சட்டைக்கு நேர் கீழே சுருட்டி வைத்திருந்தது. பெரியவள் அந்தச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து வெளியே கொடியில் போட்டுவிட்டு வந்தாள்.

அம்மா வேலையிலிருந்து திரும்பியதும் பெட்டியைத் தள்ளி வைத்துக்கொண்டு, "கிட்ட வராதம்மா" என்றாள்.

அம்மா வாசலிலேயே நின்றாள். "ஏன், நான் தொட்டா உன் பூச்சிக்கு ஆகாதா?"

"ஆகாதும்மா. எனக்கும் ஆகாது. சின்னவளுக்கும் ஆகாது. உனக்கு முதல்ல ஆகாது. வா, இப்ப நீயே பாரு." இரண்டாவது சில்லைப் பொருத்திப் பெட்டியை நீட்டினாள். அம்மாவின் கை நீள நீளப் பச்சை ஏறிக்கொண்டே போனது.

அம்மா தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனாள். "எனக்கு ஒண்ணும் வாசம் அடிக்கலையேடி" என்றாள்.

"எனக்கும் அடிக்கல."

முதலாளி இரண்டாம் முறை உள்ளே விடவில்லை. "ஒரு தடவை பார்த்தாச்சு. பேச்சு பேச்சுதான்" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். பெரியவள் அந்த மூடிய கேட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனால்தானா? உள்ளே இருப்பது தினமும் சாயங்காலம் இதே கேட் வழியாக, இத்தனை சட்டைகளில் ஏறி வெளியே வருகிறதே. அவளைக் கவிழ்த்த தவறே இப்போது வழி காட்டியது.

மேடத்திடம் போய்ச் சில்லுகள் வேண்டும் என்று கேட்டாள். ஒரு சட்டைக்கு ஒன்று. பயன்படுத்தியதை மறுபடி பயன்படுத்த முடியாது.

"இது ஆய்வா, சண்டையா?" என்றார் மேடம்.

"ரெண்டும்தான் மேடம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சண்டைன்னா நீ ஜெயிச்சா போதும். ஆய்வுன்னா பசை படாத சட்டை ஒண்ணும் வேணும். அதுல எரியக் கூடாது."

அதை அவளும் யோசித்து வைத்திருந்தாள். கம்பெனியின் முன் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் பெண், பசை அறைப் பக்கமே போகாதவள். அவள் சம்மதிக்க வேண்டும். பசை அறைப் பெண்களும் சம்மதிக்க வேண்டும். அவர்களை யார் கேட்பது?

"நான் கேக்குறேன்" என்றாள் அம்மா.

"பயமா இல்லையாம்மா?"

"இருக்கு. மறந்துபோறதுக்குள்ள கேட்டுடணும்." சொல்லிவிட்டு அம்மாவே சிரித்தாள். இந்தத் தடவை பெரியவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செல்களை வளர்த்துச் சில்லுகள் செய்து முடிக்கும்வரை பெரியவள் அம்மாவை அண்டவே இல்லை. தனியாகத் துவைத்த துணி, தனிப் பை. சோதனையன்று ஆய்வுக்கூடத்திலிருந்து நேராகக் கம்பெனி வாசலுக்கு வந்தாள். உதவிக்குச் சோடாபுட்டியையும் இழுத்து வந்திருந்தாள். தெருவோரம் மடக்கு மேசை போட்டார்கள்.

வேலை முடியும் மணி அடித்ததும் பெண்கள் வெளியே வந்தார்கள். முதலில் யாரும் நிற்கவில்லை. தலையைக் குனிந்தபடி கடந்து போனார்கள். அம்மாதான் கடைசியாக வந்தாள். மேசைக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தாடி, என் கையைப் பாரு" என்று சட்டைக் கையை நீட்டினாள். பச்சை எழுந்தது. போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, போன தடவை ஜலதோஷம்னாங்களே?" என்றாள் ஒருத்தி.

"குணமாயிடுச்சு. வந்து நீயும் காட்டு."

அவள் வந்தாள். சோடாபுட்டி புதுச் சில்லை மாற்றினான். பச்சை. இன்னொருத்தி வந்தாள். பச்சை. பிறகு வரிசை தானாக வந்தது. ஒருத்தி, "எனக்கு அவளைவிட ஜாஸ்தியா எரியுது, நான்தான் நல்லா வேலை செய்யுறேன்" என்றாள். "உன் தலைமுடியைக் காட்டு, பெட்டி தீப்பிடிச்சிடும்" என்றாள் பின்னால் நின்றவள். சிரிப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது. அடுத்து நின்றவள் மேடிட்ட வயிற்றில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பச்சை எழுந்தது.

கடைசியில் தொலைபேசிப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். அவள் சட்டைக்குத் திரை கறுப்பாகவே இருந்தது. பெரியவள் தரை துடைக்கும் மருந்தைத் துணியில் நனைத்து அதே சில்லில் காட்டினாள். கறுப்பு. பிறகு அம்மாவின் கையைக் காட்டினாள். எரிந்தது.

இதற்குள் முதலாளி வெளியே வந்திருந்தார். "தெருவுல என்ன கூத்து இது?"

"உள்ளே விடலையே சார்" என்றாள் பெரியவள். பெட்டியை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்களே பாருங்க. உங்க ஆபீஸ் பொண்ணு சட்டை எரியல. தரை மருந்துக்கும் எரியல. பசை அறையில இருந்து வந்த அத்தனை பேருக்கும் எரியுது. இவங்க இதைப் போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குறாங்க."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "அன்னைக்கு உள்ள எரியலையே, அதுக்கு என்ன சொல்றே?"

"அன்னைக்கு எங்க வீட்டுல வெச்சிருந்தேன் சார். எங்க வீட்டுல இருந்த நாத்தத்துலயே செல்லு மரத்துப்போச்சு. அது என் தப்பு." அந்தத் தெருவில் நின்று அதைச் சொல்வது அவளுக்கு லேசாக இல்லை. "ஆனா அந்த நாத்தம் உங்க அறையில இருந்து வந்தது."

மறுநாள் பசை அறைக்குள் யாரும் போகவில்லை. வேலைக்கு வராமல் இல்லை. மேசைகளைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டு, அங்கேயே பசை தடவினார்கள். தூசு படும் என்று சூப்பர்வைசர் கத்தினார். "படட்டும் சார், துடைச்சுக்கலாம்" என்றார்கள். சரக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. முதலாளி இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு சுவரை உடைக்கக் கொத்தனார் வந்தார். துளை போட்டு, மின்விசிறி பொருத்தி, ஓடவிட்டார்கள். "போதுமா? இப்ப உள்ளே போங்க" என்றார் முதலாளி.

"இருங்க சார். பார்த்துட்டுப் போறோம்" என்றாள் அம்மா.

பெரியவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இம்முறை கேட் தானாகத் திறந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, உள்ளே ஒருத்தி மட்டும் பசை தடவ, பெரியவள் புதுச் சில்லைத் திறந்தாள். எதுவும் எழக் கூடாது என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டாள். தன் கருவி பொய் சொல்ல வேண்டும் என்று அவள் விரும்பியது அந்த ஒரு முறைதான். பச்சை எழுந்தது. வாசலில் சட்டைகளுக்கு எழுந்ததைவிட மங்கல்; பாதிக்கும் கீழே. ஆனால் எழுந்தது.

"பாருங்க, எவ்வளவு குறைஞ்சிருக்கு!" என்றார் முதலாளி. "கொஞ்சமாத்தானே எரியுது."

பெண்கள் பெரியவளைப் பார்த்தார்கள். குறைந்தது என்று சொன்னால் அதுவும் உண்மைதான். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம், அவளும் ஆய்வுக்கூடத்துக்குப் போய் நல்ல முடிவு வந்தது என்று எழுதலாம். அவள் திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள்.

"குறைஞ்சிருக்கு. போகல" என்றாள்.

அம்மா முன்னால் வந்தாள். "கொஞ்சமா எரியுதுன்னா நாங்க என்ன சார், கொஞ்சமா மூச்சு விடணுமா?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. கிளம்பச் சாமான் மூட்டை கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"அந்தப் பக்கமும் ஒண்ணு போட்டாத்தான் காத்து இழுக்கும்" என்றார் கொத்தனார், யாரையும் பார்க்காமல்.

பெண்கள் முற்றத்துக்குப் போய், தங்கள் மேசைகளை வெயில் படாத பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரியவள் பயன்படுத்திய சில்லை எடுத்துவிட்டு, அடுத்த சோதனைக்கு எத்தனை குப்பியில் செல் வளர்க்க வேண்டும் என்று சோடாபுட்டியோடு பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டினாள். பின்னால் உளியின் சத்தம் கேட்கத் தொடங்கியது.